கடலையே பார்க்காத வீட்டுக்கு இரண்டு ராத்திரி புதுச்சேரி

கேள்வி: ஏனுங்க, எங்களுக்குச் சென்னிமலைப் பக்கம். வீட்டோட எட்டுத் தறி ஓட்டறோம். தைப்பூசத் தேர் முடிஞ்சதும் ரெண்டு ராத்திரி தங்கற மாதிரி பாண்டிச்சேரி போலாம்னு இருக்கோமுங்க. நான், எங்க வீட்டுக்காரர், 6 வயசிலயும் 10 வயசிலயும் ரெண்டு பொண்ணுங்க, அப்புறம் எங்கத்தை. அத்தைக்கு 68 வயசு, முழங்கால் வலி. எங்க வீட்ல ஒருத்தருமே கடலைக் கண்ணால பார்த்ததில்லைங்க. வீட்டுக்காரருக்கு மட்டும் நீச்சல் நல்லாத் தெரியும். சொந்தக் கார் இருக்குது. பார்க்கறதுக்கு இருபது இடம் எழுதி வெச்சிருக்கேன். எப்படிப் பிரிச்சுக்கறதுன்னு சொல்லுங்க.

பதில்: அந்த இருபதில் பதினைந்தை முதலில் அடித்துவிடுங்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து பல குடும்பங்களைக் கடற்கரை ஊர்களுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். திரும்பி வந்த யாரும் "இன்னும் நாலு இடம் பார்த்திருக்கலாமுங்க" என்று என்னிடம் குறைப்பட்டதில்லை. "கடல்ல இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் கடலுக்கு உரிய நேரத்தை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்ச நேரத்தில்தான் மற்ற இடங்களை வைக்க வேண்டும். கடலுக்கு உரிய நேரம் என்பது விடியலிலிருந்து காலை 9 மணி வரை, பிறகு மாலை 4 மணிக்கு மேல். நடுவில் வெயிலோடு மல்லுக்கட்டக் கூடாது.

காலம் நல்ல காலம்தான். ஐப்பசி, கார்த்திகை என்றால் வேண்டாம் என்றிருப்பேன். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சித்திரை, வைகாசியும் வேண்டாம். தைப்பூசத்துக்குப் பின் வரும் பிப்ரவரியில் மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தைப்பூசத்துக்கு அடுத்த பௌர்ணமியை ஒட்டி மாசிமகம் வரும். அன்று மயிலம் முருகன் உட்படப் பல ஊர்ச் சாமிகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருவார்கள். முழங்கால் வலியோடும் சின்னக் குழந்தையோடும் முதல் தடவை போகிறவர்களுக்கு அந்தக் கூட்டம் ஆகாது என்பது என் எண்ணம். ஆனால் அத்தை முருக பக்தையாக இருந்தால், முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

எந்தக் கிழமை போவது என்று நீங்கள் கேட்கவில்லை. நான் முதலில் பார்ப்பது அதைத்தான். வெள்ளி மாலை தொடங்கி சென்னையும் பெங்களூரும் அங்கே இறங்கிவிடும். அறை வாடகையும் கூடவே ஏறும். நீங்கள் சனிக்கிழமை கூலி போட்டு முடித்துவிட்டு, ஞாயிறு விடியற்காலை 5 மணிக்குக் கிளம்புங்கள். பிள்ளைகளுக்குத் திங்கள், செவ்வாய் இரண்டு நாள் லீவு போட்டால் போதும். ஊரே திரும்பிக்கொண்டிருக்கும்போது நீங்கள் போய்ச் சேர்வீர்கள்.

பெருந்துறையில் நெடுஞ்சாலை ஏறி, சங்ககிரி, சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியாக 300 கி.மீ.க்குச் சற்று மேல். சேலம் தாண்டி இட்லி, நடுவில் இரண்டு இடத்தில் அத்தை காலை நீட்டிக்கொள்ள நிறுத்தம் என்று வைத்தால் மதியம் 1 மணிக்குச் சேர்ந்துவிடலாம். ராத்திரியோடு ராத்திரியாகப் போய் விடியலில் இறங்கும் யோசனை நிறையப் பேருக்கு வரும். பெரும்பாலான விடுதிகளில் மதியத்துக்கு மேல்தான் அறை கொடுப்பார்கள். அதுவரை தூக்கமில்லாத பிள்ளைகளையும் வயதானவரையும் காரிலேயே வைத்திருக்க வேண்டிவரும். அறை கடலைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்று பணத்தைக் கொட்டாதீர்கள். தரைத்தளமா அல்லது லிஃப்ட் உண்டா, மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்ற மூன்றையும் போனிலேயே கேட்டுவிடுங்கள். பழைய வீடுகளை விடுதியாக மாற்றியவற்றில் மாடிப்படி செங்குத்தாக இருக்கும்.

இனி கடலுக்கு வருவோம். முதல் தடவை போகிறவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. காந்தி சிலை இருக்கும் கடற்கரைச் சாலைக்குப் போனால் பெரும்பகுதியில் மணலே இருக்காது, கருங்கல் குவியல்தான் இருக்கும். "இதுக்கா இத்தனை தூரம் வந்தோம்" என்று பிள்ளைகள் முகம் வாடிவிடும். அங்கேயும் ஒரு காலத்தில் மணல் இருந்தது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வாய்க்கால் வண்டல் மாதிரி, மேலிருந்து வருவது நின்றால் கீழே அரிப்புத்தான். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காக ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் அந்தச் சுவருக்குத் தெற்கிலேயே தேங்கிவிட்டது. வடக்கே இருந்த ஊர்க் கரை கரைந்துபோய், சாலையைக் காப்பாற்றக் கல்லைக் கொட்ட வேண்டியதாயிற்று. 2018-ல் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகம் பக்கம் கடலுக்கு அடியில் ஒரு செயற்கைத் திட்டை இறக்கியது. அதன் பயனாக அங்கே சிறு மணல்திட்டு திரும்பி வந்திருக்கிறது.

ஆக, கல் கடற்கரை நிற்கவும் நடக்கவும், கால் நனைக்க அல்ல. அந்தக் கற்களில் பாசி வழுக்கும். போட்டோவுக்காகக்கூட இறங்க விடாதீர்கள். ஆனால் அத்தைக்கு அதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை. மாலை 6 மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி விட மாட்டார்கள். சமதளம், உட்காரத் திண்டு, முகத்துக்கு நேரே கடல். ஞாயிறு மாலை முழுவதையும் அங்கேயே செலவழியுங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை, பிள்ளைகளுக்குக் காட்டலாம். சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். கிழக்குக் கரை அது, உதயம்தான் கடலில். திங்கள் காலை 6 மணிக்கு அதே சாலைக்கு மறுபடி போய்விடுங்கள். வண்டித் தடை காலை ஏழரை வரை உண்டு.

கால் நனைப்பது திங்கள் காலையும் மாலையும். வடக்கே கோட்டக்குப்பம் பக்கம் செரினிட்டி கடற்கரை, அல்லது செயலகம் பக்கத்து மணல்திட்டு. சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையிலிருந்து படகில் போகும் பாரடைஸ் கடற்கரை உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். மணல் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் படகுக்கு வரிசை, போய் இறங்கினால் வெயில், போதாக்குறைக்கு ஆறு கடலில் சேரும் இடத்து இழுப்பு. உங்கள் வீட்டுக்கு அது இரண்டாம் பயணத்துக்கு இருக்கட்டும்.

வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியும் என்றீர்களே, எனக்குக் கவலையே அதுதான். நீச்சல் தெரியாதவர் பயந்து கரையிலேயே நிற்பார். கீழ்பவானி வாய்க்காலிலும் கொடிவேரியிலும் குதித்துப் பழகியவர்தான் துணிந்து உள்ளே போவார். வாய்க்காலில் தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும், இரண்டு கரையும் கண்ணுக்குத் தெரியும். கடலில் அலைகள் கரைக்குக் கொண்டுவந்து குவித்த தண்ணீர் எங்கேயாவது ஓரிடத்தில் திரும்பிப் போயாக வேண்டும். அது ஒரு ஒடுக்கமான தடமாக, கரையிலிருந்து உள்நோக்கி வேகமாக இழுக்கும். வெளியிலிருந்து பார்த்தால் அந்த இடம்தான் அமைதியாகத் தெரியும்: இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்துக்கொண்டிருக்க, நடுவில் மட்டும் அலை குறைந்து நிறம் சற்றுக் கறுத்திருக்கும். "இங்க அலையே இல்லை, இறங்கலாம்" என்று நம்மாட்கள் தேர்ந்தெடுப்பது அதைத்தான். சிக்கிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடக் கூடாது, கை ஓய்ந்துவிடும். பதறாமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தத் தடத்தைவிட்டு விலகிய பிறகுதான் கரைக்குத் திரும்ப வேண்டும். இதை அவரிடம் காரிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிடச் சுலபமான வழி, இடுப்பளவுக்கு மேல் போகவே மாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்வது.

பிள்ளைகளுக்கு அளவு அவர்கள் முழங்கால், உங்கள் முழங்கால் அல்ல. பெரியவர் ஒருவர் எப்போதும் கடல் பக்கம் நிற்க, பிள்ளை கரைப் பக்கம் நிற்க வேண்டும். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணல் அரிக்கும், சின்னவள் நின்ற இடத்திலேயே சாய்வாள், கையைப் பிடித்திருங்கள். கடலுக்கு முதுகு காட்டி போட்டோ எடுக்க வேண்டாம். நீங்களும் அத்தையும் சேலையோடு இறங்கினால் கணுக்கால் அளவோடு நிறுத்துங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொண்டால் நடுவயதுக்காரரையே தள்ளிவிடும். உங்களுக்குச் சுடிதார் நல்லது. கொலுசு, மோதிரம், மெல்லிய சங்கிலி எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். இறங்குவதற்கு முன் கரையில் வலை பார்த்துக்கொண்டிருக்கும் மீனவர் யாரிடமாவது "அண்ணே, இங்க இறங்கலாமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். "வேண்டாம்மா" என்றால் மறுபேச்சு வேண்டாம்.

வெயிலைப் பற்றி ஒரு விஷயம். நம் ஊர் வெயில் காய்ந்த வெயில். வேர்வை வந்த சுவடு தெரியாமல் உலர்ந்துவிடும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை உலராமல் உடம்பிலேயே நிற்கும். முகத்தில் காற்று படுவதால் சூடும் தெரியாது, தாகமும் தெரியாது. அறைக்கு வந்த பிறகுதான் தலைவலி. ஒருமுறை நான் என் வீட்டுப் பிள்ளைகளை "காத்து நல்லா அடிக்குது, என்ன வெயில்" என்று சொல்லி நடுப்பகலில் மணலில் விட்டேன். ராத்திரி முழுக்க முதுகு எரிகிறது என்று அழுதார்கள். தண்ணீரும் மணலும் வெளிச்சத்தைத் திருப்பி அடிப்பதால் குடைக்குக் கீழேயும் தோல் கறுக்கும். முழுக்கைப் பருத்திச் சட்டை, தொப்பி, மணிக்கொருதரம் மோரோ தண்ணீரோ. விரித்து உட்கார பவானி ஜமக்காளத்தைத் தூக்கிப் போகாதீர்கள். மணல் அதன் நெசவுக்குள் புகுந்தால் ஜென்மத்துக்கும் போகாது. உங்கள் வீட்டிலேயே இருக்கும் மெல்லிய விரிப்பும் நாலு ஈரோட்டுத் துண்டும் போதும்.

நடுப்பகல் 11 முதல் 4 வரை நிழல். திங்கள் காலை கடலில் நனைந்து குளித்துச் சாப்பிட்ட பின், அரவிந்தர் ஆசிரமமும் மணக்குள விநாயகர் கோயிலும் அடுத்தடுத்த தெருக்கள்தான். கோயில் நடை நடுப்பகலில் சாத்திவிடும் என்பதால் 11 மணிக்குள் முடித்துவிட்டு அறைக்கு வந்து தூங்குங்கள். ஆரோவில் போக வேண்டுமென்றால் திங்கள் மாலைக் கடலை விட்டுக்கொடுக்க வேண்டும். அங்கே இருக்கும் தங்க நிற உருண்டைத் தியான மண்டபமான மாத்ரிமந்திரின் உள்ளே முன்பதிவு செய்தவர்களைத்தான் விடுவார்கள். மற்றவர்கள் பார்வை மேடையிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டும், அதற்கே சுமார் 1 கி.மீ. நடை. அத்தையை வைத்துக்கொண்டு நான் போக மாட்டேன்.

அருங்காட்சியகம் திங்களன்று விடுமுறை. அதனால் அதைச் செவ்வாய் காலைக்கு வையுங்கள். பாரதி பூங்கா பக்கத்தில்தான் இருக்கிறது. இதை மட்டும் தவறவிட வேண்டாம் என்பேன், அதுவும் நீங்கள் சென்னிமலைக்காரர் என்பதால். பக்கத்திலிருக்கும் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டில் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது கிடைத்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், மணிகள் பற்றிப் படித்திருப்பீர்கள். அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களை இங்கேதான் வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலிலும் கல்மணி செய்த பட்டறைகள் கிடைத்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டைக் கடந்து கிழக்கே போன வணிகத்தில் இரண்டு ஊருக்கும் பங்கு உண்டு. பெரியவளிடம் சொல்லிவிட்டுக் கூட்டிப் போங்கள். அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் அவள் நின்று பார்ப்பாள். அரிக்கமேட்டு இடத்தையே போய்ப் பார்க்கிறேன் என்றால், இடிந்த சுவரும் மரங்களும்தான் மிஞ்சியிருக்கின்றன.

இன்னொரு பத்து நிமிடம் இருந்தால் ஈசுவரன் கோயில் தெருவில் பாரதியார் இருந்த வீடு. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில் இருந்தார். ஈரோட்டுக் கருங்கல்பாளையத்தில் 1921 ஜூலை 31 அன்று அவர் பேசியதை நம் பக்கம் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறோம், இல்லையா.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. சைவமும் அசைவமும் தெருவுக்குத் தெரு உண்டு. பிப்ரவரியில் மீன் தாராளமாகக் கிடைக்கும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைதான் தடைக்காலம். பிள்ளைகள் இதுவரை இறாலும் நண்டும் தின்றதில்லை என்றால் முதல் நாள் ஒரு வாய் கொடுத்துப் பாருங்கள். சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு வரும். பயணத்தன்று காலையில் புதுசாக எதையும் கொடுக்காதீர்கள். பங்காளிகள் யாராவது "வரும்போது ரெண்டு பாட்டில்" என்று சொல்லியிருந்தால், எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்துவார்கள் என்று வீட்டுக்காரரிடம் நினைவூட்டுங்கள்.

செவ்வாய் 12 மணிக்குள் கிளம்பினால் இருட்டிய சற்று நேரத்தில் சென்னிமலை. ஊர் வந்ததும் மறுநாளே காரின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். சக்கரத்திலும் கதவிடுக்கிலும் ஒட்டிக்கொண்டு வரும் உப்பு மணல் இரும்பைச் சும்மா விடாது.