மல்லிகைத் தோட்டத்துப் பாம்புகள்: கேட்டதும் சொன்னதும்

சோழவந்தான் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் மல்லிகையும் வைத்திருக்கிறேன். வீடுகளில் பாம்பு வந்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட்டுப் போய்ப் பிடிப்பதும் உண்டு. தோட்டத்துப் பாம்புகளைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

அண்ணே, ஓலைக் குவியலிலிருந்து ஆறடி நீளத்தில் பழுப்பாக ஒன்று ஓடியது. நல்ல பாம்பு என்று ஆட்கள் தோப்புக்குள் வர மறுக்கிறார்கள். (திருமங்கலம்)

அந்த நீளமும் வேகமும் பெரும்பாலும் சாரைக்குத்தான் இருக்கும். பெரிய கண், உதட்டோரத்தில் கறுப்புக் கோடுகள். படம் எடுக்காது, விஷமும் இல்லை. எலியைத் தேடி வளைக்குள்ளேயே போகும். தயவுசெய்து அடித்துவிடாதீர்கள். சாரையும் நல்ல பாம்பும் பிணையும் என்பார்கள். அப்படிப் பின்னி நிமிர்ந்து நிற்பவை பெரும்பாலும் மல்லுக்கட்டும் இரண்டு ஆண் சாரைகள். குவியலைக் கிளறினால் உரித்த சட்டை கிடைக்கலாம், தலைப்பக்கம் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது. அதனால் கண்ணை மூடியிருந்த மெல்லிய தோலும் சின்னக் கண்ணாடிச் சில்லு போலச் சட்டையோடு கழன்று வந்திருக்கும்.

விடிவதற்கு முன்னால் பூப்பறிக்கப் போகிறோம். எதற்குப் பயப்பட வேண்டும்? (உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா)

கண்ணாடி விரியனுக்கு, அக்கா. மற்ற பாம்புகள் பெரும்பாலும் காலடி அதிர்ந்ததுமே நகர்ந்துவிடும். இது அசையாமல் செடியடியில் சுருண்டு கிடக்கும். முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி கோத்த மாதிரி புள்ளிகள் இருக்கும், காய்ந்த சருகோடு சருகாகத் தெரியும். சீண்டினால் குக்கர் மாதிரி சீறும். சீறாமலே கடிப்பதும் உண்டு.

தலையில் மாட்டுகிற லைட் பூவைக் காட்டும், காலைக் காட்டாது. கடி விழுவதோ கணுக்காலில். அதனால் கையில் இன்னொரு டார்ச் வேண்டும். அடுத்த செடிக்கு நகரும்போதெல்லாம் முதலில் கம்பு, அப்புறம் கால். முட்டி வரை ரப்பர் பூட்ஸ் போட்டால் ரொம்ப நல்லது. செருப்போடு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு பதறுகிறது.

கறுப்பில் வெள்ளை வளையம் போட்ட பாம்பு திண்ணையில் வந்தது. கட்டு விரியனா? (அலங்காநல்லூர்)

வெள்ளிக்கோல் வரையனாகவும் இருக்கலாம், அதற்கு விஷமில்லை. அதன் பட்டைகள் கழுத்துப் பக்கம் பளிச்சென்று தொடங்கி வாலை நோக்கி மங்கும். கட்டு விரியனுக்கு நேர்மாறு: தலைப்பக்கம் மங்கல், பின்னால் போகப் போகத் தெளிவு, பெரும்பாலும் இரண்டிரண்டு வளையமாக. முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மட்டும் அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். இதையெல்லாம் தூரத்தில் நின்று எடுத்த போட்டோவில் பாருங்கள், பக்கத்தில் போக வேண்டாம். இரவில் தரையில் படுக்காதீர்கள். கட்டிலில் கொசுவலையை மெத்தைக்கு அடியில் செருகிப் படுங்கள்.

பூண்டு, பினாயில், சிறியாநங்கை வைத்தால் வராதா?

வரும். எலியும் ஓலைக் குவியலும் இல்லாவிட்டால்தான் வரத்து குறையும்.

கடித்துவிட்டால்?

கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் வைத்து 108-க்குச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தைச் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் எடுத்துக் கொடுப்பவர்கள் இருளர்கள், 1978-இல் தொடங்கிய அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் மூலமாக.

கட்டு விரியன் கடி பல நேரம் வலிக்காது, தடமும் தெரியாது. தரையில் படுத்தவர் விடியக்காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லி, கண் இமையும் சொருகினால் சோடா வாங்கிக் கொடுத்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே கிளம்புங்கள்.

மண்ணுளி ஒன்று கிடைத்தது. லட்சக்கணக்கில் விலை போகும் என்று ஒருவர் தேடி வருகிறார். (மேலூர்த் தம்பி)

தம்பி, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விற்பவரும் உள்ளே போவார், வாங்குபவரும் போவார். அதற்கு இரண்டு தலையும் கிடையாது, வால் மொட்டையாக இருப்பதால் வந்த பேச்சு அது. பிடித்த இடத்திலேயே, மண் இளக்கமான மரத்தடியில் சாயங்காலம் விட்டுவிடு. கொஞ்ச நேரத்தில் தானே மண்ணுக்குள் போய்விடும்.