தங்கை கல்யாணமும் தாழ்ந்த மேகமும்

"சிறு விமானத்தைக் கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்து ஓட்டும் லைசென்ஸ்தான். ஆனால் ஜிபிஎஸும் ஆட்டோபைலட்டும் இருக்கின்றன. தங்கை கல்யாணத்துக்குப் போகிற வழியில் மேகம் இறங்கினால் அடியில் நுழைந்து போய்விடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாங்க.

ஜிபிஎஸ் இடத்தைச் சொல்லும், இறக்கை சாய்ந்திருப்பதைச் சொல்லாது. வெளியே எல்லாம் வெள்ளையாகிவிட்டால் உடம்பும் சொல்லாது. மெதுவான திருப்பம் கொஞ்ச நேரம் நீடித்தாலே உள்காதுத் திரவம் அடங்கிவிடும், நேராகப் போவதாகத் தோன்றும். விமானம் சுழன்றபடி இறங்கும், வேகம் ஏறும். பதறிப்போய் இறக்கையை நேராக்காமல் மூக்கை மட்டும் தூக்கினால் சுழல் இன்னும் இறுகும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகச் சோதனையில், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகாத 20 பேர் வெளியே தெரியாத நிலையில் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 விநாடிதான் ஆனது. 1999-இல் இரவு மூட்டத்தில் கடலில் விழுந்த, அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியரின் விமானத்திலும் ஆட்டோபைலட் இருந்தது.

மேகம் தாழ்ந்தால் எந்த இடத்தில் திரும்பிவிடுவது என்பதைக் கிளம்பும் முன் தரையிலேயே குறித்துவிடுங்கள். தப்பித்தவறி மேகத்துக்குள் மாட்டினால் முதலில் செயற்கை அடிவானத்தை (விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி) பார்த்து இறக்கையை நேராக்குங்கள். அப்புறம் மலை கிட்டத்தில் இல்லையென்றால் மெல்லச் சாய்த்து வந்த வழியே திரும்புங்கள். கட்டுப்பாட்டு அறையிடம் வெட்கப்படாமல் அவசரம் என்று சொல்லுங்கள். வீட்டில் இப்போதே "காரில் வந்தாலும் வருவேன்" என்று சொல்லி வையுங்கள், முகூர்த்த நேரம் கழுத்தை நெரிக்காது.