வியர்க்காமல் உடுத்துங்கள்: முதல் குளிர்காலத்துக்கான வாசகர் கேள்வி–பதில்

வெயிலில் வளர்ந்து, பனி விழும் ஊர்களுக்குக் குடிபெயர்ந்த வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில். உடை பற்றிய கேள்விகளே அதிகம் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறோம்.

கேள்வி: உள்ளே பனியன், அதன்மேல் இரண்டு ஸ்வெட்டர், அதற்கும் மேலே கனமான ஜாக்கெட். பஸ் ஸ்டாப் வரை நடக்கும்போது சூடாகத்தான் இருக்கிறது. நின்று பத்து நிமிடம் ஆனால் வெடவெடவென்று நடுங்குகிறது. இதைவிடக் கனமான ஜாக்கெட் வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், பனியனை மாற்றுங்கள். நடக்கும்போது வியர்க்கிறது. பருத்தி அந்த வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். நடை நின்றதும் உடம்பில் சூடு உண்டாவது குறைந்துவிடும். முதுகில் ஒட்டிய ஈரத்துணி இருக்கிற சூட்டையும் இழுத்துவிடும். காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதை நினைவில் வையுங்கள்.

தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியஸ்டரோ கலந்த மெல்லிய தெர்மல் உடை போடுங்கள். உடம்பைப் பிடித்தாற்போல் இருந்தால்தான் வியர்வையை வெளியே கடத்தும். அதன்மேல் ஃப்ளீஸ் (பஞ்சுபோல் மென்மையான செயற்கை இழைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெட்டர் ஒன்று. இதன் வேலை காற்றைத் தேக்கிவைப்பது, ஆகவே தளர்வாக இருக்கட்டும். மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஜாக்கெட்டை இறுக்கிப் பூட்டினால் உள்ளே தேங்கிய காற்று நசுங்கி வெளியேறிவிடும். துணி கூடினாலும் கதகதப்பு குறையும். ஜிப்பைப் பூட்டிய பிறகு கைகளை முன்னால் கட்டிப் பாருங்கள். முதுகில் இழுத்துப் பிடித்தால் ஒரு அளவு பெரியதாக வாங்க வேண்டும்.

வாசலைத் தாண்டியதும் முதல் ஐந்து நிமிடம் லேசாகக் குளிர வேண்டும். கிளம்பும்போதே இதமாக இருந்தால் நடக்கும்போது வியர்க்கப்போகிறது என்று பொருள். வியர்வை துளிர்க்கும் முன்பே கழுத்து ஜிப்பை இறக்குங்கள், நின்றதும் ஏற்றுங்கள். சூடேற்றிய பஸ்ஸுக்குள் ஏறியவுடன் தொப்பியையும் ஜாக்கெட்டையும் கழற்றிவிடுவதும் இதே காரணத்துக்காகத்தான். சோம்பல்பட்டு இதை விட்டுவிடுகிறவர்கள்தான் இறங்கியதும் நடுங்குகிறார்கள்.

இறகு அடைத்த ஜாக்கெட் உலர்ந்த குளிருக்கு அருமையானது. ஆனால் நனைந்தால் இறகுகள் கட்டிக்கொண்டு தட்டையாகிவிடும். மழையும் பனியும் கலந்து பெய்யும் ஊர் என்றால் செயற்கை இழை அடைத்ததே நல்லது.

கேள்வி: இரண்டு ஜோடி கனமான சாக்ஸ் போட்டும் கால்விரல்கள் மரத்துப்போகின்றன. ஏன்?

பதில்: பழைய அளவு ஷூவுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் பாதம் இறுகி ரத்த ஓட்டம் குறையும். மெல்லிய உள்சாக்ஸ் ஒன்று, கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். பூட்ஸ் அரை அளவு முதல் ஓர் அளவு வரை பெரியதாக இருக்கட்டும். பூட்டிய பிறகும் விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். வீட்டுக்கு வந்ததும் உள்தகட்டை உருவி வெளியே வைத்து, பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். இரவுக்குள் ஈரம் இறங்கிவிடும். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும், ஒட்டிய பசை விடும்.

உறைந்த கால்களையும் அப்படியே ஹீட்டர் முன் நீட்டாதீர்கள். குளிரிலிருந்து திடீரென்று சூட்டுக்குப் போகும் விரல்கள் சிலருக்குத் தடித்து, கடுமையாக அரித்து, எரியும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தத் தடிப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ கருத்தோ இருக்கும். அதனால் பலர் பூச்சிக்கடி என்று விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: வானிலைச் செயலியில் மைனஸ் 8 டிகிரி, ‘உணரப்படுவது மைனஸ் 17’ என்று இரண்டு எண்கள் வருகின்றன. எதை நம்புவது?

பதில்: உங்கள் தோலுக்கு இரண்டாவது எண். காருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் முதல் எண். உடம்பைச் சுற்றித் தேங்கும் மெல்லிய சூடான காற்றுப்படலத்தைக் காற்று அடித்துக்கொண்டு போகிறது. மைனஸ் 8 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் மூடாத தோல் மைனஸ் 17 டிகிரியில் இழக்கும் அளவு சூட்டை இழக்கும்.

அந்த இரண்டாவது எண் மைனஸ் 28ஐ நெருங்கினால் மூடாத தோல் அரை மணி நேரத்துக்குள் உறையத் தொடங்கலாம். மூக்கு நுனி, காது, கன்னம், விரல்கள்தான் முதலில் போகும். எரிச்சல் நின்று உணர்ச்சி அற்றுப்போனால் அது குணமாவதன் அடையாளம் இல்லை. அந்த இடம் வெளிறி, சாம்பல் பூத்து, மெழுகுபோல் தெரியும். உடனே உள்ளே வந்து 37 முதல் 39 டிகிரி வரை உள்ள வெதுவெதுப்பான நீரில் வையுங்கள். சூட்டை அடிபடாத கை பார்க்க வேண்டும், மரத்த கைக்குச் சூடு தெரியாது. தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது மிகவும் கெடுதல், திசு கிழியும். திரும்ப வெளியே போய் மறுபடியும் உறைய வாய்ப்பு இருந்தால் அப்போதைக்கு உருக்காமல் விடுங்கள், இரண்டாம் முறை உறைவதுதான் பெரிய சேதம் செய்யும். கொப்புளம் வந்தாலும், அரை மணி கழித்தும் உணர்ச்சி திரும்பாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கைகளுக்கு ஒரு வார்த்தை: விரல் பிரிந்த க்ளவுஸைவிட நான்கு விரலும் சேர்ந்திருக்கும் உறை கதகதப்பானது. விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும்.

கேள்வி: தோல் வெள்ளைவெள்ளையாக உரிகிறது, இரவில் அரிப்பு தாங்கவில்லை, காலையில் மூக்கில் ரத்தம் கசிகிறது. வெளியில் பனி கொட்டுகிறது. வீட்டுக்குள் எப்படி இவ்வளவு வறட்சி?

பதில்: குளிர்ந்த காற்றால் ஈரத்தைச் சுமக்க முடியாது. மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 2 கிராம் சொச்சம் நீராவிதான் நிற்கும். அதே காற்று வீட்டுக்குள் வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதற்கு 17 கிராம் வரை கொள்ளளவு உண்டு. உள்ளே இருப்பதோ அதே 2 கிராம். ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. அந்தக் காற்று, தனக்கு வேண்டிய ஈரத்தை உங்கள் தோலிலிருந்தும் மூக்கிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

ஈரப்பதமானி ஒன்று வாங்கி வையுங்கள், ஊகத்தில் எதையும் செய்யாதீர்கள். ஹியூமிடிஃபையர் (காற்றில் ஈரம் சேர்க்கும் கருவி) வைத்து 30 முதல் 40 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். தண்ணீரை தினமும் மாற்றி, மூன்று நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவாவிட்டால் அதில் வளரும் கிருமியைத்தான் சுவாசிப்பீர்கள்.

குளிருக்கு இதமாகக் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதுதான் தோலுக்கு முதல் எதிரி. தோலின் சொந்த எண்ணெயை அது கழுவிவிடும். வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். சோப்பு அக்குள், இடுப்பு, பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் தடவுங்கள். அழுத்தினால் ஊற்றும் லோஷனில் தண்ணீர்தான் அதிகம். டப்பாவில் வரும் கெட்டியான க்ரீமோ பெட்ரோலியம் ஜெல்லியோ இந்தப் பருவத்துக்கு ஏற்றது. மூக்குக்கு உப்புநீர்த் துளிகள் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் நேர்மாறு. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது, அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை.

பதில்: சமையல், குளியல், வீட்டுக்குள் துணி உலர்த்துவது என ஈரம் சேர்ந்து போக வழியில்லாமல் நிற்கிறது. ஜன்னலைச் சிறிதாக நாளெல்லாம் திறந்துவைக்காதீர்கள். சுவர் குளிர்ந்து பூஞ்சை இன்னும் கூடும். எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து ஐந்து முதல் பத்து நிமிடத்தில் மூடுங்கள், நாளுக்கு இரண்டு முறை. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள்.

கேள்வி: குழந்தையை ஜாக்கெட்டோடு கார் இருக்கையில் கட்டக் கூடாது என்கிறார்கள். குளிருமே?

பதில்: சரியாகத்தான் சொல்கிறார்கள். நீங்களே சோதித்துப் பாருங்கள். ஜாக்கெட்டோடு உட்காரவைத்து வாரை இறுக்குங்கள். வாரின் நீளத்தை மாற்றாமல் குழந்தையை வெளியே எடுத்து, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி பூட்டுங்கள். தோளருகே வாரை விரல்களால் கிள்ளிப் பிடிக்க முடிந்தால், மோதலின்போது ஜாக்கெட் நசுங்கி அவ்வளவு தளர்வு வந்திருக்கும். மெல்லிய ஃப்ளீஸோடு கட்டி இறுக்கி, மேலே போர்வையைப் போர்த்துங்கள். ஜாக்கெட்டை முன்பக்கம் வைத்துக் கைகளை மட்டும் நுழைத்தும் விடலாம்.

கேள்வி: நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. எந்நேரமும் தூக்கம், எதிலும் நாட்டமில்லை. வைட்டமின் டி எடுத்தால் சரியாகுமா?

பதில்: இரண்டும் தனித்தனி விஷயங்கள். உயர் அட்சரேகைகளில் குளிர்கால வெயிலில் தோல் வைட்டமின் டி தயாரிக்கத் தேவையான புற ஊதாக்கதிர் மிகக் குறைவு. கருநிறத் தோலுக்கு அது இன்னும் கடினம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 600 யூனிட், 70 வயதைத் தாண்டியவர்களுக்கு 800 என்பது பரவலான பரிந்துரை. அதற்கு மேல் என்றால் ரத்தப் பரிசோதனைக்குப் பிறகே.

சோர்வுக்குக் கண்வழியே காலை வெளிச்சம் வேண்டும். மேகமூட்டமான பகல்கூட வீட்டு விளக்கைவிடப் பலமடங்கு பிரகாசமானது, அதனால் காலையில் அரை மணி நடந்துவிட்டு வாருங்கள். முடியாவிட்டால் 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளிப்பெட்டி, அதாவது பகல்போல் பிரகாசமான மேசை விளக்கு. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 20 முதல் 30 நிமிடம், தயாரிப்பாளர் சொல்லும் தூரத்தில் வைத்து, விளக்கையே உற்றுப் பார்க்காமல் முன்னால் உட்காருங்கள். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும். கண் நோயோ இருதுருவ மனநிலைக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேலும் மனச்சோர்வு விலகாவிட்டால் தயங்காமல் உதவி கேளுங்கள். அதைக் குளிர் என்று பொறுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஹீட்டர் போதவில்லை. இரவில் கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ எரியவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. ஜன்னல்கள் அடைத்த வீட்டில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. தலைவலியும் குமட்டலும் வந்து தூக்கத்திலேயே உயிர் போகும். படுக்கையறை அருகே அதற்கான எச்சரிக்கைக் கருவி அவசியம். பனியில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும் முன் புகைக்குழாயை மூடிய பனியைத் தோண்டி எடுப்பதும் இதற்காகத்தான்.

கேள்வி: பனிக்கட்டியில் வழுக்காமல் நடப்பது எப்படி?

பதில்: அடிகளைக் குறுக்குங்கள். பாதத்தைத் தட்டையாக ஊன்றி, உடல் எடையை முன்காலின் மேல் கொண்டுவந்த பிறகே பின்காலைத் தூக்குங்கள். கைகள் பாக்கெட்டுக்கு வெளியே இருக்கட்டும், பையை முதுகில் போடுங்கள். விழும்போது கையை நீட்டி ஊன்றினால் மணிக்கட்டுதான் உடையும். முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சரியுங்கள். நிழல் விழும் இடங்களிலும் பாலங்களிலும் தரை வெறும் ஈரமாகத் தெரிந்தால் அது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் தூவும் சாதாரண உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே பெரிதாக வேலை செய்யாது. அப்போது மணலைத் தூவுங்கள்.