மாருதி 800: மலையேற்றத்தில் காஸில் மட்டும் திணறல்

அண்ணே, வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் ஏறும்போது பெட்ரோலில் நல்லா இழுக்குது, எல்பிஜி காஸில் திணறுது, வேப்பரைசர்மேல் (திரவ காஸை ஆவியாக்குற கருவி) பனி படியுதுன்னு கேட்டிருக்கீங்க. கார்புரேட்டரைத் தொடாதீங்க. வேப்பரைசருக்கு இன்ஜினிலிருந்து வர்ற சுடுதண்ணி, அதாவது கூலன்ட், சரியா போகலை. திரவ காஸ் ஆவியாக வெப்பம் வேணும். ஏற்றத்தில் காஸ் அதிகம் போறதால வெப்பம் பத்தாம உறையுது.

இன்ஜின் நல்லா ஆறினபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட் அளவு பாருங்க. குறைஞ்சிருந்தா நிரப்பி, பெட்ரோலில் 10 நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, வேப்பரைசரின் இரண்டு ஹோஸையும் தொடுங்க. ஒண்ணு சூடாவும் ஒண்ணு சில்லுன்னும் இருந்தா உள்ளே காற்று அடைச்சிருக்கு, இல்லேன்னா உப்பு படிஞ்சு அடைச்சிருக்கு. மதுரைப் பக்கம் போர் தண்ணி ஊத்தின வண்டியில உப்புதான் முதல் சந்தேகம். சுத்தம் பண்ணி, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிப்பாதி ஊத்துங்க. டெம்பரேச்சர் முள் ஏறினபிறகே காஸுக்கு மாத்துங்க.