ஜெபிக்க வாய் வரவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

அன்புள்ள ஆலோசகருக்கு, ஸ்தோத்திரம்.

நான் பள்ளி ஆசிரியை. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமத்துச் சபையைச் சேர்ந்தவள். என் கணவருக்கு வயது 49. பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கீமோ ஏறுகிறது. முழுக்கக் குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கப் பார்க்கலாம் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

ஜெபக்குழு அக்காமார் அடிக்கடி வருகிறார்கள். அன்பானவர்கள்தான். ஆனால் ஒருவர், "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கா, ஆராய்ந்து பாருங்க" என்றார். இன்னொருவர், "கீமோவை நிறுத்திட்டு முழு விசுவாசத்தோட நில்லுங்க, சாட்சி சொல்லுவீங்க" என்கிறார். அதைக் கேட்ட நாளிலிருந்து என் கணவர் சரியாகப் பேசுவதில்லை. வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தும் போட மறுக்கிறார். அடிமையாகிவிடுவோம் என்ற பயம் ஒன்று. "சிலுவையில் இயேசு மயக்க ரசத்தை வாங்கலையே" என்றும் சொல்கிறார்.

எனக்கு சுகர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். வெள்ளிக்கிழமை தோறும் உபவாசம் இருக்கிறேன், மத்தியானத்துக்குள் தலை சுற்றிவிடுகிறது. முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அவர் முன்னால் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். மகன் பிளஸ் டூ படிக்கிறான்; அவனிடம் பாதிதான் சொல்லியிருக்கிறோம். என் விசுவாசம் செத்துவிட்டதா?

பெயர் வேண்டாம்.

அன்புச் சகோதரிக்கு,

சாகவில்லை. யாரிடம் கோபப்படுகிறீர்கள் என்று பாருங்கள். இல்லாதவரிடம் யாரும் கோபப்படுவதில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதமோ கடைசி வசனம் வரை இருட்டிலேயே முடிகிறது. முடிவில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லை. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால், இப்படி ஜெபிக்க இடம் உண்டு என்றுதான் பொருள்.

வார்த்தை வராத நாட்களில் சொந்த ஜெபத்துக்குப் போராட வேண்டாம். காலையில் எழுந்ததும், மத்தியானம் அவருக்கு மாத்திரை கொடுக்கும்போதும், இரவில் விளக்கை அணைக்கும் முன்பும் ஒரே ஒரு வரி போதும். மாற்கு 9:24இல் நோயாளிப் பிள்ளையின் தகப்பன் கண்ணீரோடு சொன்னதையே சொல்லலாம்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவனை இயேசு துரத்தவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

இனி அந்த அக்காமார் பேச்சு. "யார் செய்த பாவம்?" என்று பிறவிக் குருடனைக் காட்டிச் சீஷர்கள் கேட்டபோது, இவனும் செய்யவில்லை, இவன் பெற்றோரும் செய்யவில்லை என்று யோவான் 9இல் இயேசு அந்தக் கேள்வியையே மறுத்துவிட்டார். ஆகவே பாவத்தைத் தேடும் வேலை உங்களுக்கு இல்லை. "நோயாளிக்கு விசுவாசம் போதவில்லை" என்பதும் அப்படித்தான். கூரையைப் பிரித்துத் திமிர்வாதக்காரனை இறக்கிய நாலு பேர் கதையில், "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் மாற்கு எழுதுகிறார். படுத்துக் கிடந்தவனிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை. உங்கள் கணவர் படுத்திருக்கட்டும், சுமக்க வேண்டியது சபை. இதை அவர் காதுபட ஒருமுறை சொல்லுங்கள். அவர் பேசாமல் இருப்பதற்கு வலி மட்டும் காரணமாக இராது. தன்னால்தான் சுகம் தடைபடுகிறது என்ற குற்ற உணர்வு நோயாளியை உள்ளுக்குள் அரிக்கும்.

கீமோவை நிறுத்தச் சொல்பவர்களுக்கு ஏசாயா 38ஐ வாசித்துக் காட்டுங்கள். எசேக்கியா அழுது ஜெபித்தான்; 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே அதிகாரத்தில்தான் அவன் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. "உன் வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்து" என்ற வாக்கும் அங்கேதான் இருக்கிறது. ஜெபம், மருந்து, வீட்டை ஒழுங்குபடுத்துதல் மூன்றும் ஒரே அதிகாரத்தில். ஆகவே சுகத்துக்காக ஜெபித்துக்கொண்டே வங்கிக் கணக்கில் நாமினி யார் என்று பார்ப்பது அவிசுவாசம் ஆகாது.

வருகிறவர்களைத் தடுக்க வேண்டாம், ஒழுங்கு வையுங்கள். ஒரு தடவைக்கு மூன்று பேர், 15 நிமிடம். சளி, காய்ச்சல் இருப்பவர் வர வேண்டாம். இதை நீங்கள் சொன்னால் மனஸ்தாபம் வரும். போதகர் சொன்னால் வராது. அவரிடம் பேசுங்கள். எண்ணெய் பூசுவதானால் நெற்றியில் மட்டும் போதும். கீமோ ஏற்ற வைத்திருக்கும் போர்ட், அதன் கட்டுப் பக்கம் எண்ணெயோ கையோ போகக் கூடாது. எண்ணெயைக் குடிக்கக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லலாம், தனிக் கோப்பையில். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த திராட்சரசம் வேண்டாம்: ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய பிறகு சில நாட்களுக்குக் குளிர்ந்தது பட்டால் தொண்டை இறுகுவதுபோல் ஆகும், விரல்கள் கூசும். அந்தப் பதற்றத்தில் திருவிருந்தே பயமாகிவிடக் கூடாது.

ஒன்றை மட்டும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடுராத்திரி ஆனாலும் உடனே ஆஸ்பத்திரி. கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். சாதாரணக் கிருமியே சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். பாராசிட்டமால் கொடுத்து, விடியும்வரை ஜெபித்துப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. ஜெபத்தை ஆட்டோவில் போகும்போது செய்யலாம்.

மார்ஃபின் விஷயம். வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை இயேசு ஏற்காதது அந்தச் சிலுவைக்கு உரியது. வலியோடு வந்த ஒருவரையும் அவர் "பொறுத்துக்கொள்" என்று திருப்பி அனுப்பவில்லை. இன்றைய வலி தணிப்புச் சிகிச்சைக்கு வழி போட்டவர்களில் ஒருவரான டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசி. 1967இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் நல்வாழ்வகத்தை (குணமாக்க முடியாத நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ்) தொடங்கினார். வலி உடம்பில் மட்டுமல்ல, மனசிலும் குடும்பத்திலும் ஆத்துமாவிலும் சேர்ந்தே இருக்கிறது என்று சொன்னவர், மார்ஃபினை வலி வந்த பிறகு கொடுக்காமல் நேரப்படி கொடுக்க வலியுறுத்தினார்.

டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் புற்றுநோய் வலிக்குச் சாப்பிடுபவர் போதைக்கு அடிமையாவது அரிது. மெதுவாகக் கரையும் வகை அல்லாத சாதாரண மார்ஃபின் மாத்திரை என்றால் பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பார்கள். வலி தாங்க முடியாமல் போனபின் போட்டால் அடக்க அதிக மருந்து தேவைப்படும், அதைப் பார்த்துத்தான் "பலிக்கலை" என்பார்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருந்து குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி சேர்த்துக் கேளுங்கள். பலர் மார்ஃபினை நிறுத்துவது இதனால்தான். அளவை நீங்களாகக் கூட்டவோ திடீரென நிறுத்தவோ வேண்டாம். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

உங்கள் உபவாசத்தை உணவில் வைக்காதீர்கள். சுகர் மாத்திரையோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கலாம். தலைசுற்றலோடு வியர்வை, நடுக்கம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். வெள்ளிக்கிழமை ஃபோனை ஒதுக்கிவையுங்கள், அதுவும் உபவாசம்தான். சாகக் கேட்டுச் சூரைச்செடியின்கீழ் படுத்த எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது உபதேசம் இல்லை. அடையும் தண்ணீரும், பிறகு மறுபடி தூக்கம்.

அவர் முன்னால் சிரிப்பதைக் கொஞ்சம் நிறுத்தலாம். நீங்கள் நடிப்பது அவருக்குத் தெரியும், அதனால் அவரும் நடிக்கிறார். குமட்டல் அடங்கிய ஒரு சாயங்காலம் பார்த்து, "உங்களுக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?" என்று மட்டும் கேளுங்கள். வசனம் சொல்லிப் பதில் கொடுக்காதீர்கள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகத்தான் செய்தார்கள். அதன்பின் மகனிடம் இருவரும் சேர்ந்து நோயின் பெயரைச் சொல்லுங்கள். பாதி தெரிந்த பிள்ளை மீதியைக் கூகுளில் தேடிக்கொள்வான், அது உண்மையைவிடக் கொடியதாக இருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமே இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு அழையுங்கள். இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

அடுத்த கீமோவுக்குப் போகும்போது, வலி தணிப்புப் பிரிவுக்குச் சீட்டு எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். கீமோ நடக்கும்போதே அதையும் சேர்த்துப் பெறலாம்.