கணினி கேள்வி பதில்: செயலிக்குள் வெக்டர் படங்கள்

கேள்வி: சிறு தேயிலை விவசாயிகள் அன்றாடம் கொடுக்கும் பச்சைத் தேயிலையின் எடையையும் விலையையும் குறித்துக்கொள்ள, ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் சேர்த்தே செயலி எழுத உதவும் ரியாக்ட் நேட்டிவில் ஒரு செயலி எழுதிவருகிறேன். கொழுந்து, தராசு, மூட்டை ஆகிய சின்னங்களைப் பிக்சல் புள்ளிகளால் ஆன பிஎன்ஜி படங்களாக வைத்தேன். சில போன்களில் அவை மங்கலாகத் தெரிகின்றன. பல அளவுகளில் சேர்த்தாலோ செயலியின் அளவு கூடிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அங்குலத்துக்கு 160 புள்ளிகள் உள்ள திரையில் 48 பிக்சல் அகலமுள்ள சின்னம், 640 புள்ளிகள் உள்ள திரையில் அதே அளவில் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் 192 பிக்சல் அகலம் தேவை. இல்லாத பிக்சலை இழுத்து நிரப்புவதால்தான் படம் மங்குகிறது. வெக்டர் படத்தில் புள்ளிகளுக்குப் பதிலாகக் கோடும் வளைவும் எப்படிச் செல்ல வேண்டும் என்ற குறிப்பு மட்டுமே இருப்பதால், ஒரே சிறிய கோப்பு எல்லாத் திரைகளுக்கும் போதும். சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைச்சரிவில் செயலியை இறக்கிக்கொள்பவர்களுக்கு இது பெரிய உதவி.

ரியாக்ட் நேட்டிவில் படத்தைக் காட்டும் இமேஜ் கூறு, எஸ்விஜி (SVG) என்ற பொதுவான வெக்டர் கோப்பை நேரடியாகப் படிக்காது. அதற்கெனத் தனி நூலகம் உண்டு. ஆனால் அது ஒவ்வொரு கோட்டையும் தனிக் கூறாக உருவாக்குவதால், வரிசைக்கு மூன்று சின்னங்கள் உள்ள நீண்ட பட்டியலில் விலை குறைந்த போன்கள் திணறும். ஆண்ட்ராய்டுக்கோ 2014இல் வந்த 5.0 பதிப்பிலிருந்தே சொந்தமான எக்ஸ்எம்எல் வெக்டர் வடிவம் இருக்கிறது. 2025இல் வெளிவந்த ரியாக்ட் நேட்டிவ் 0.78 முதல் அந்தக் கோப்பை மற்றப் படங்களைப் போலவே இமேஜ் கூறில் சேர்க்கலாம். திரையை இயக்கும் முதன்மை இழையைத் (main thread) தடுக்காமல் படம் ஏற்றப்படுவதால் பட்டியலை உருட்டும்போது தடங்கல் வராது. சின்னம் மட்டும் ஒரு கணம் பிந்தித் தோன்றலாம். செயலியைக் கட்டும்போதே (build) இவை உள்ளே சேர்க்கப்படுகின்றன என்பதால் இணையத்திலிருந்து வரவழைக்க முடியாது. புதிய சின்னம் சேர்த்தால் மறுபடியும் கட்ட வேண்டும்.

ஐபோனுக்கு இந்த எக்ஸ்எம்எல் புரியாது. அங்கே, ஆப்பிளின் செயலி உருவாக்கும் கருவியான எக்ஸ்கோடின் படத்தொகுப்பில் பிடிஎஃப் கோப்பையோ, 2020இல் வந்த 12ஆம் பதிப்பு முதல் எஸ்விஜி கோப்பையோ வைத்து, வெக்டர் தரவைக் காக்கும் தேர்வையும் இயக்கிவிடுங்கள். அந்தப் படத்தைப் பெயரால் அழைக்கும்போது அகலத்தையும் உயரத்தையும் நீங்களே குறிப்பிட வேண்டும்.

மூல எஸ்விஜி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு வடிவங்களையும் அதிலிருந்தே எடுப்பதுதான் சரியான வழி என்பேன். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவே எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தரும். எழுத்து மட்டும் அந்த வடிவத்தில் நிற்காது. தராசின் மேல் ‘கிலோ’ என்று எழுதியிருந்தால், மாற்றுவதற்கு முன் அந்த எழுத்தைக் கோடும் வளைவுமாக மாற்றிவிடுங்கள்.

கேள்வி: செயலி எழுத உதவும் கூகுளின் ஃபிளட்டரிலும் இதே எக்ஸ்எம்எல்லைப் பயன்படுத்தலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: ஃபிளட்டர் தன் திரையைத் தானே வரைகிறது, ஆண்ட்ராய்டின் வெக்டர் கோப்பை அதன் படக் கூறு படிக்காது. எஸ்விஜியைப் படிக்கும் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படங்களை முன்கூட்டியே தொகுத்து வைக்கும் வசதியும் உண்டு. அதையும் பயன்படுத்தினால் செயலி ஓடும்போது எஸ்விஜியைப் பகுக்கும் வேலை இருக்காது.

கேள்வி: மலையேற்ற வழிகாட்டிச் செயலியின் முகப்பில், ஓவியர் ஒருவர் வரைந்த குறிஞ்சிச் சரிவை முழுத்திரை வெக்டராக வைத்தேன். செயலி திறக்கும்போதே தயங்குகிறது. வெக்டர் இலகுவானது என்கிறார்களே?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: கோப்பு இலகுவாக இருக்கலாம், வரையும் வேலை அப்படியல்ல. ஒவ்வொரு பூவிதழும் ஒரு தனி வளைவு; ஆயிரக்கணக்கான வளைவுகளைப் போன் முதல் முறை வரைந்து முடிக்கும்வரை திரை காத்திருக்கிறது. அதனால்தான் ஆண்ட்ராய்டின் வழிகாட்டி வெக்டர் படங்களை 200 × 200 டிபி (dp, திரையின் புள்ளி அடர்த்தியைச் சாராத அலகு) அளவுக்குள் நிறுத்தச் சொல்கிறது. திசைமுள், கூடாரம், நீர்நிலை ஆகிய சின்னங்களை வெக்டராகவே விடுங்கள். ஓவியத்தை மட்டும் பிக்சல்களால் ஆன வெப்பி (WebP) படமாக மாற்றினால் ஓவியரின் நுணுக்கமும் கெடாது, தயக்கமும் நீங்கும்.