பதில்: நெய்யூர்ப் பக்கம் பனையேறிய பூட்டனைத் தேடுவது

வணக்கம். உங்கள் பூட்டனைப் பற்றி வீட்டுப் பழைய பைபிளின் முன்தாளில் "மோசே, 1052 தை, மரித்தார்" என்பது மட்டும்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆண்டே குழப்புகிறது என்றும் சொன்னீர்கள். அது கொல்லம் ஆண்டு, அதாவது திருவிதாங்கூர்ப் பக்கம் வழங்கிய மலையாள ஆண்டுக்கணக்கு. ஆங்கில ஆண்டாக மாற்ற, ஆவணி முதல் மார்கழி நடு வரை 824, அதன் பிறகு 825 கூட்ட வேண்டும். தை என்பதால் 1877 தொடக்கம்.

பனையேறிக்குச் சொந்த நிலம் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் நிலப் பதிவேட்டைப் பிறகு பார்க்கலாம். முதலில் சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி சங்கம் 1828லேயே வேரூன்றிவிட்டது. ஆனால் மோசே என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். அது ஞானஸ்நானத்தில் வந்த பெயராக இருக்கலாம். அதற்கு முன் மாடன், இசக்கி என்று ஏதாவது இருந்திருக்கும். வீட்டில் வயசான பாட்டிமார் இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள், தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகளின் ஞானஸ்நானம், கல்யாணப் பதிவுகளையும் புரட்டுங்கள். தகப்பன் பெயராக அவர் அங்கே வரக்கூடும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். ஆகவே பழைய அரசு ஆவணங்களுக்குத் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகம் போக வேண்டும். பெரும்பாலும் மலையாளம், வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பைபிள் தாளை இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.